ஓட்டையை அடைச்ச கதை

ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளருக்கு வெளியே வியர்க்குமே, பார்த்திருப்பீங்க. கனடா மர வீடுகளில் குளிர்காலத்தில் அதே கூத்து சுவருக்குள்ளே நடக்கும். வீட்டுக்குள்ள இருக்கிற சூடான ஈரக்காற்று இடுக்கு வழியா சுவருக்குள் புகுந்து, குளிர்ந்து, தண்ணியாகி மரத்தை அழுக வைக்கும். சூடும் அதோடவே போயிடும்.

1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம், சூரிய வெப்பத்தில் இயங்கும் வீடு ஒண்ணு கட்டச் சொன்னது சஸ்காட்சுவன் மாகாண அரசு. ஹரால்ட் ஓர் என்ற பொறியாளரும் அவர் குழுவும் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க: சூட்டைச் சம்பாதிக்கறதைவிட, இருக்கறதை விடாம பிடிக்கறதே லாபம்!

1977-ல் ரெஜினா நகரில் வீடு எழும்பியது. தடித்த சுவர், அதுக்குள்ளே இடைவெளி இல்லாமல் ஒட்டின பாலித்தீன் ஷீட். மூச்சு முட்டாதா? வெளியே போற காற்றின் சூட்டை உள்ளே வர்ற காற்றுக்கு மாத்தற கருவியும் வச்சாங்க. ஃபர்னஸே கிடையாது.

வீட்டில இருந்த சூரிய வெப்பக் குழாய்கள் ஓயாமல் தொல்லை கொடுக்க, பின்னாடி கழட்டிட்டாங்க. நிலைச்சது கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாலித்தீன் பாடம்தான். 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் கட்டிய முதல் 'பாசிவ் ஹவுஸ்' வீட்டுக்கும் இது ஒரு முன்னோடி.

பொட்டி தட்டுற எனக்கு இது நல்லாவே உறைச்சது. சர்வர் திணறினா ரேமைக் கூட்டுறோம். மெமரி லீக்கை யாருங்க தேடறோம்? :-)