பாசிக்கு வேலை கொடுத்தவர்

மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க யாரைக் கேட்டாலும் முதல் எதிரின்னு பாசியைத்தான் சொல்வாங்க. நானும் அந்தக் கட்சிதான். ஞாயித்துக்கிழமை ஆனா பழைய டூத் பிரஷ்ஷும் கையுமா கண்ணாடியைத் தேய்ச்சிட்டு இருப்பேன். அடுத்த ஞாயிறு பார்த்தா மறுபடியும் அதே பச்சை. இந்த எதிரியைப் பிடிச்சு வேலைக்கு வச்ச ஒரு மனுஷரோட கதைதான் இன்னிக்கு.

முதல்ல ஒரு சின்ன பாடம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருது. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும். பெரும்பாலான தொட்டிகளில் கதை அங்கேயே நின்னுடும். அதாவது ஃபில்டர் ஒரு குப்பையை இன்னொரு குப்பையா மாத்துதே தவிர, வெளியே அள்ளிக் கொட்டுறது இல்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேரச் சேர பாசிக்குக் கொண்டாட்டம். நமக்கு வாளி வாளியா தண்ணி மாத்துற வேலை.

1970களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வால்ட்டர் ஏடி என்ற ஆய்வாளர் இருந்தார். கடல்பாசிதான் அவர் துறை. கரீபியன் கடலில் பவளப்பாறைகளை ஆராய்ந்தவர். அங்கே தண்ணியில் சத்தே குறைவு, கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனா உயிர்கள் கொழிக்குது. எப்படி? பாறைமேல் புல்தரை மாதிரி குட்டையா ஒரு பாசி படர்ந்திருக்கு. அலை அடிச்சிட்டே இருக்கு, வெயில் கொட்டுது. மீன்கள் மேய்ஞ்சுகிட்டே இருக்கிறதால அந்தப் பாசி முதிராம, எப்பவும் இளசா, வேகமா வளருது. தண்ணியில் இருக்கிற கொஞ்சநஞ்ச சத்தையும் உறிஞ்சிடுது.

இதையே ஏடி ஒரு கருவியாக்கினார். ஆழமில்லாத தட்டில் ஒரு வலை. மேலே பளிச்னு விளக்கு. ஒரு வாளி நிறைஞ்சதும் தானாகக் கவிழ்ந்து அலை மாதிரி தண்ணியைக் கொட்டும். வலையில் வளரும் பாசியை அப்பப்போ சுரண்டி எடுக்கணும், அவ்வளவுதான். 1980-ல் உயிருள்ள பவளப்பாறையே அருங்காட்சியகத்துக்குள் காட்சிக்கு வந்தது. 1982-ல் காப்புரிமையும் கிடைச்சது.

அப்புறம் பெரிய இடங்களுக்குப் போச்சு. 1987-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் திறந்த பிரம்மாண்ட பவளப்பாறைத் தொட்டியைச் சுத்தம் செய்ததும் இதுதான். அரிசோனாவில் எட்டுப் பேரை 1991 முதல் 1993 வரை உள்ளே வச்சுப் பூட்டின பயோஸ்பியர் 2 கண்ணாடி உலகத்திலும், அதன் குட்டிக் கடலுக்கு இதே முறைதான். பூட்டின வீட்டுக்குள்ள தண்ணியை எங்கே போய் மாத்துறது?

ஆனா வீட்டுத் தொட்டிக்காரங்க மனசுல இது நிக்கலை. தண்ணி மஞ்சளாகுதுன்னு புகார். பாசியிலிருந்து கசியும் பொருட்களால் அப்படி ஆகிறது உண்மைதான், கரி ஃபில்டர் போட்டா சரியாகும். கருவியும் பெருசு, கவிழும் வாளி சத்தம் வேற. காப்புரிமை இருந்ததால் யார் வேணும்னாலும் செஞ்சு விற்கவும் முடியாது. அந்த நேரத்தில் ஜெர்மனியின் பெர்லின் முறை, புரோட்டீன் ஸ்கிம்மரோடு வந்து மேடையைப் பிடிச்சுக்கிச்சு.

2008-வாக்கில்தான் இது வீட்டுக்குத் திரும்பியது. தட்டும் வாளியும் போய், செங்குத்தா தொங்கும் வலையில் அருவி மாதிரி தண்ணி வழிய விட்டாங்க. வலை எது தெரியுமா? கம்பளி நூலில் பூ பின்னுவாங்களே, அந்தக் கட்டம் போட்ட பிளாஸ்டிக் தட்டி! ஓர் அங்குல அகலத்துக்கு மணிக்கு சுமார் 130 லிட்டர் தண்ணி, இதுதான் கணக்கு.

நானும் செஞ்சேன். 8 அங்குலத் தட்டி, கீறல் போட்ட பிவிசி குழாய், 1000 லிட்டர் பம்ப், ரெண்டு பக்கமும் சி.எஃப்.எல் பல்பு (இப்போ எல்.இ.டி மாத்தியாச்சு). முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே ஒட்டலை. தட்டியை ரம்பத்தால் சுரண்டி சொரசொரப்பாக்கினதும் பிடிச்சது பாருங்க! கண்ணாடி தேய்க்கிற வேலை பாதியாச்சு. பெருமை தாங்கலை.

அப்போதான் தங்கச்சி கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் நாலு வாரம் தங்கிட்டேன். மீனுக்குச் சாப்பாடு போட ஆள் இருந்தது, பாசியைச் சுரண்ட ஆள் சொல்லலை. நல்லா வளரட்டுமேன்னு நினைப்பு. திரும்பி வந்தா வீடெல்லாம் நாத்தம். பாசி தடிச்சு, அடிப்பகுதிக்கு வெளிச்சம் போகாம செத்து, மொத்தமா பிய்ஞ்சு விழுந்து அழுகிடுச்சு. உறிஞ்சின எல்லாத்தையும் திருப்பித் தொட்டிக்கே கொடுத்திருச்சு. ரெண்டு கோமாளி மீனில் ஒண்ணு போச்சு.

அன்னிக்குத்தான் ஏடி கடலுக்கடியில் பார்த்தது எனக்குப் புரிஞ்சது. தண்ணியைச் சுத்தம் பண்றது பாசி மட்டும் இல்லை, அதை மேயுற வாயும்தான். பாறையில் அந்த வேலையை மீன் செய்யுது. என் வீட்டில் நான்தான் அந்த மீன்.

இப்பவும் ஞாயித்துக்கிழமை சுரண்டிட்டுத்தான் இருக்கேன். கண்ணாடியை இல்லை, தட்டியை. சுரண்டினது ரோஜாத் தொட்டிக்குப் போகுது, உப்பு போக நல்லா அலசினதுக்கு அப்புறம்தான். தனியா இருந்த மீனுக்கு ஜோடியும் வந்தாச்சு.