காத்து இறங்கிய பந்தும் ஜான் தாம்ப்சனும்

புது கோச் வந்தா டீம் எழுந்திரிச்சு நிக்கும்ங்கிறது அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்துல பழகின கதைதான். 1972-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு ஜான் தாம்ப்சன் வந்தது அதுல கொஞ்சம் தனி ரகம்.

அதுக்கு முந்தைய சீசன்ல அந்த டீம் ஆடினது 26 ஆட்டம், ஜெயிச்சது 3. (ஆமாங்க, மூணேதான்!) வாஷிங்டன் நகரத்துல அப்போ பத்துல ஏழு பேர் கறுப்பினத்தவர். அதே நகரத்துக்குள்ள இருந்த ஜார்ஜ்டவுன்ல படிச்சவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரப் பசங்க.

தாம்ப்சன் உள்ளூர்க்காரர், கறுப்பினத்தவர், 6 அடி 10 அங்குல உயரம். பாஸ்டன் செல்டிக்ஸ்ல பில் ரஸ்ஸலுக்கு மாற்றா ரெண்டு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சுட்டு, வாஷிங்டன்ல செயின்ட் ஆன்டனிஸ் பள்ளிக்கு கோச் ஆனவர். ஆள் பிடிக்க அவர் ஊர் ஊரா அலையல. தன்னோட பள்ளிப் பசங்களையே முதல்ல கூட்டிட்டு வந்தார். கூடவே மேரி ஃபென்லன்னு ஒரு டீச்சரையும். முன்னாள் கன்னியாஸ்திரி. பசங்க படிப்பைக் கவனிக்கிறது இவங்க வேலை. ஆட்டம் நடக்கும்போதும் பெஞ்சுலயே உக்காந்திருப்பாங்க!

தாம்ப்சன் அறையில காத்து இறங்கின பந்து ஒண்ணு இருக்கும். ஒருநாள் உன் ஆட்டம் முடிஞ்சிடும், அப்புறம் கையில என்ன இருக்கும்னு பசங்களைக் கேக்கிறதுக்கு.

எல்லாம் சுமுகமா நடந்துடல. 1975-ல் வரிசையா தோத்துக்கிட்டிருந்தப்போ, அவரை இனத்தைச் சொல்லித் திட்டி, வெளியே போகச் சொல்லி, சொந்த அரங்கத்துலயே ஒரு படுக்கை விரிப்புல எழுதித் தொங்க விட்டாங்க. அதே சீசன்லதான் 1943-க்கு அப்புறம் முதல் தடவையா டீம் தேசியப் போட்டிக்குப் போச்சு.

1981-ல் வந்தார் பேட்ரிக் யூயிங். ஜமைக்காவில் பிறந்த பையன். எதிரணி ரசிகர்கள் இவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு பேனர் பிடிச்சாங்க. 1984-ல் கோப்பையை ஜெயிச்சார், 1985-ல் டிகிரியோட வெளியே வந்தார்.

அந்த 1984 கோப்பையால, பட்டம் வென்ற முதல் கறுப்பின கோச் தாம்ப்சன்தான். ஆனா இந்த 'முதல்' பட்டம் அவருக்குப் பிடிக்காது. ஏற்கெனவே 1982-ல் இதைப் பத்திக் கேட்ட நிருபர்கிட்ட எரிஞ்சு விழுந்திருக்கார். எனக்கு முன்னாடி திறமைசாலிங்க இல்லைன்னு அர்த்தமா, அவங்களுக்கு வாய்ப்பே குடுக்கலைங்கிறதுதான் விஷயம்னு. இந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு மனுஷனைப் பிடிக்கும்.

நாலு வருஷமும் தங்கின அவரோட ஆட்டக்காரர்கள்ல 97 சதவீதம் பேர் பட்டம் வாங்கினாங்கன்னு பெருமையா சொல்வாங்க. கவனிங்க, தங்கினவங்க கணக்கு மட்டும்தான். ரெண்டே வருஷத்துல கிளம்பின ஆலன் ஐவர்சன் இதுல வரமாட்டார். பத்திரிகைக்காரங்களை அண்டவே விடமாட்டார்ங்கிற புகாரும் நியாயமானதுதான்.

1989 ஜனவரியில இன்னொண்ணு நடந்துச்சு. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் பள்ளி மதிப்பெண்ணும் குறிப்பிட்ட அளவைத் தொடலைன்னா முதல் வருஷம் உதவித்தொகையே கிடையாதுன்னு ஒரு விதி கொண்டுவந்தாங்க. (நம்ம கட்-ஆஃப் சண்டையெல்லாம் ஞாபகம் வருதா?) ஏழைக் கறுப்பினப் பசங்களுக்குக் கதவைச் சாத்துறீங்கன்னு சொல்லி, பாஸ்டன் காலேஜ் கூட ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே தாம்ப்சன் அரங்கத்தை விட்டு நடந்து வெளியே போயிட்டார். அடுத்த வருஷமே விதியைத் தளர்த்தினாங்க.