சீனாவின் 1977 ஆம் ஆண்டுப் புகுமுகப் பரீட்சையும் கணிதமும்

1966 இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியுடன் சீனாவிற் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை கைவிடப்பட்டது. 1970 முதல் தொழிலாளர், விவசாயிகள், படைவீரர் ஆகியோர் பரிந்துரையின் பேரிற் சேர்க்கப்பட்டனர். நகர இளைஞர் பலர் கிராமங்களுக்கு உழைக்க அனுப்பப்பட்டனர். 1977 ஒக்ரோபரில் பரீட்சை மீண்டும் அறிவிக்கப்பட்டபோது, ஆயத்தத்துக்கு எஞ்சியிருந்தவை சில வாரங்களே.

கலைத்துறையினரும் விஞ்ஞானத்துறையினரும் ஒருங்கே எழுதவேண்டிய பாடங்களுள் கணிதமும் ஒன்று. அரசியலுக்கும் மொழிக்கும் அன்றாட வாசிப்பு ஓரளவேனும் கைகொடுத்தது. படிமுறையாகவன்றிக் கற்கமுடியாத கணிதத்துக்கோ நூலும் பயிற்சியும் இன்றியமையாதன. எனவேதான், புரட்சிக்கு முன்னர் சங்காயில் வெளிவந்த சுயகல்வி நூல்வரிசை மறுபதிப்பாகத் தொடங்கியதும் புத்தகசாலைகளின் முன்னே மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். அதன் 17 தொகுதிகளுள், அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம் முதலாக 9 தொகுதிகள் கணிதத்துக்கே உரியன. நகரத்துப் பெற்றோர் அவற்றை வாங்கிக் கிராமங்களிலிருந்த தம் பிள்ளைகளுக்கு அனுப்பினர்.

பரீட்சைக்குத் தோற்றியோர் ஏறத்தாழ 57 இலட்சம். அனுமதி பெற்றோர் ஏறத்தாழ 273,000. அஃதாவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. பரிந்துரையின் இடத்தைத் திறமை பெற்றமை பெரும் முன்னேற்றமே. ஆயினும், நகரத்தில் நூல் வாங்கி அனுப்ப எவருமற்ற விவசாயியின் மகனும் அதே கணித வினாக்களுக்கே விடையளிக்க வேண்டியிருந்தது என்பதையும் வரலாறு மறத்தலாகாது.