நிலமும் பொழுதும்: ஆப்சைடு குறித்து ஒரு வாசிப்பு

1

கால்பந்து ரசிகர்களின் வாய்ச்சண்டையை வரலாற்று எழுத்துக்குரிய பொருளாக நம் அறிவுலகம் கருதியதில்லை. கிரிக்கெட்டுக்காவது காலனியம், தேசியம், சாதி என்று சில கட்டுரைகள் கிடைக்கும். மஞ்சூர் பஜாரிலோ எடக்காட்டு டீக்கடைப் பெஞ்சிலோ "அவன் முன்னாடியே நின்னான்டா", "இல்லண்ணே, பாஸ் அடிக்கும்போது லைன்லதான் இருந்தான்" என்று நடக்கும் வழக்கு வெறும் பொழுதுபோக்காகவே கழிக்கப்படுகிறது. ஆனால் இந்த வழக்குக்குள் இருக்கும் இரண்டு கேள்விகளும் வரலாற்றெழுதியலின் அடிப்படைக் கேள்விகள். ஒன்று, எந்தக் கணத்தில் யார் எங்கே நின்றார்? இன்னொன்று, செய்தது யார்? இவற்றைத் தீர்க்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது இரண்டுக்கும் அடியில் கிடக்கும் மூன்றாவது கேள்வி.

2022 உலகக் கோப்பையில் ஒரு வார இடைவெளியில் இரண்டு கேள்விகளும் அடுத்தடுத்து வந்தன. நவம்பர் 22 அன்று சவூதி அரேபியாவுக்கு எதிராக முதல் பாதியில் அர்ஜென்டினா போட்ட மூன்று கோல்கள் ஆப்சைடு என்று தள்ளுபடியாயின. மெஸ்ஸி போட்டது ஒன்று, லவுத்தாரோ மார்ட்டினஸ் போட்டவை இரண்டு. அதில் ஒன்றில் மார்ட்டினஸின் தோள்பட்டை மட்டும் எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டியிருந்ததாகக் கணினி வரைந்த படம் காட்டியது. ஆட்டம் 2–1 என்று சவூதிக்குப் போனது. 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினா தோற்றது. ஆறு நாள் கழித்து, நவம்பர் 28 அன்று, உருகுவேக்கு எதிராக புரூனோ ஃபெர்னாண்டஸ் தூக்கி அடித்த பந்து ரொனால்டோவின் தலையை ஒட்டிப் போய் வலைக்குள் விழுந்தது. ரொனால்டோ தன் கோல் என்று கொண்டாடினார். பந்துக்குள் வைத்திருந்த, நொடிக்கு 500 முறை அசைவைப் பதியும் உணரி, எந்தத் தொடுகையும் இல்லை என்றது. கோல் ஃபெர்னாண்டஸ் கணக்கில் எழுதப்பட்டது. "தலைமுடி பட்டாலும் பட்டதுதானே?" என்பது ரசிகர்களின் கேள்வி. முடி உடம்பைச் சேர்ந்ததா என்கிற அளவுக்கு விவாதம் தத்துவத்துக்குள் போய்விட்டது.

2

ஆப்சைடு என்கிற குற்றத்தின் வடிவம் விசித்திரமானது. ஃபவுல் என்றால் உதைத்தவன் இருக்கிறான், உதைபட்ட கால் இருக்கிறது. கையால் பந்தைத் தொட்டால் தொட்ட கை இருக்கிறது. ஆப்சைடில் செயல் முழுக்க நியாயமானது: பந்து வந்தது, அடித்தான், கோல் விழுந்தது. அந்தச் செயல் பின்னோக்கிச் செல்லாததாக்கப்படுவது அவன் நின்ற இடத்தால். அந்த இடம் கணக்கிடப்படுவதும் அவன் அடித்த நேரத்தில் அல்ல, அவனுடைய கூட்டாளி பந்தைத் தட்டிவிட்ட நேரத்தில். அதாவது, வேறொருவன் செயல்பட்ட கணத்தில் நீ எங்கே இருந்தாய் என்பதுதான் உன்மேல் உள்ள வழக்கு.

தொல்காப்பியம் ஒரு தொழில் நிகழ்வதற்குத் துணையானவற்றை எட்டாக எண்ணுகிறது: வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் செய்து பரீட்சையோடு விட்டுவிடுகிறோம். ஆப்சைடு விவாதத்தை இந்த எட்டின் வழியே பார்த்தால் ஒன்று தெளிவாகும். மற்ற குற்றங்களில் வினையும் கருவியும் விசாரிக்கப்படுகின்றன. இங்கே நிலமும் காலமும்தான் பிரதானமாக விசாரிக்கப்படுகின்றன. "கோல் யாருது?" என்கிற வழக்கோ எட்டில் இரண்டாவதான செய்பவனைத் தேடுகிறது. பொருளதிகாரத்தில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். மனிதர்கள் வருவதற்கு முன்பே களம் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. ஆப்சைடு விதியும் அப்படித்தான் இயங்குகிறது.

இந்தக் களம் இயற்கையானதல்ல. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் எழுதிய விதியின்படி, பந்துக்கு முன்னால் நிற்கும் எவனும் ஆட்டத்துக்கு வெளியே. ஈட்டன் பள்ளியின் ஆட்டத்தில் இதற்கு வைத்திருந்த பெயருக்குப் பதுங்கல், திருட்டுத்தனம் என்று பொருள். கனவானின் பிள்ளை எதிரியின் முதுகுக்குப் பின்னால் காத்துக் கிடக்கக்கூடாது என்கிற ஒழுக்கம் விதியாக மாறியது. அதே காலத்தில் ஷெஃபீல்டு என்கிற தொழில் நகரம் எழுதிக்கொண்ட 1858 விதிகளில் ஆப்சைடே கிடையாது. பிறகு 1866-இல், தாக்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே மூன்று எதிரிகள் இருந்தால் சரி என்றானது. 1907-இல் சொந்தப் பாதியில் நிற்பவனுக்கு விலக்கு. 1925-இல் மூன்று பேர் இரண்டானார்கள். 1990-இல், ஒரே நேர்க்கோட்டில் நின்றால் ஆப்சைடு இல்லை. 1925 மே மாதம் குற்றமாக இருந்த அதே இடம் செப்டம்பரில் குற்றமில்லை. மாற்றத்துக்குப் பிந்திய மூன்றாம் பருவத்தில் எவர்டன் அணியின் டிக்ஸி டீன் லீகில் 60 கோல் போட்டார். அவருடைய கால்கள் மட்டும் அந்தச் சாதனையைச் செய்யவில்லை. நகர்த்தப்பட்ட ஒரு கோடும் சேர்ந்து செய்தது.

கோட்டைப் பார்க்கும் கண்ணுக்கும் வரலாறு உண்டு. பாஸ் அடிப்பவன் ஒரு பக்கம், ஓடுபவன் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நொடியில் லைன்ஸ்மேன் பார்க்க வேண்டும். 2000-இல் நேச்சர் இதழில் வெளியான நெதர்லாந்து ஆய்வாளர்களின் கட்டுரை, லைன்ஸ்மேனின் பல பிழைகளுக்குக் காரணம் அவர் கடைசித் தடுப்பாட்டக்காரரின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்பதும் அதனால் பார்வைக் கோணம் பிசகுவதும்தான் என்று காட்டியது. நின்ற இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்பவரின் தீர்ப்பும் அவர் நின்ற இடத்தைப் பொறுத்ததே. குந்தா மலையில், சரிவை வெட்டிச் சமன்செய்த மைதானங்களில், மதியத்துக்குமேல் மஞ்சு ஏறிவிட்டால் இந்தப் பக்கத்துக் கோட்டிலிருந்து அந்தப் பக்கத்துக் கோடே தெரியாது. அங்கே ஆப்சைடு என்பது ரெஃப்ரியின் ஊகமும் ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும் சேர்ந்த ஒன்று.

3

விதிகள் எழுதப்படும் இடமாகவும் நீலகிரி இருந்திருக்கிறது. ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1880-களில் ஊட்டி கிளப்பில் எழுதிச் சுவரில் மாட்டப்பட்டன. அந்தச் சுவருக்குள் யார் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்பதே முதல் ஆப்சைடு கோடு. கால்பந்து வேறு வழியில் பரவியது. படைமுகாம் வழியாக, பள்ளிக்கூடம் வழியாக, கிளப்புக்கு வெளியே இருந்தவர்களின் காலுக்கு வந்தது. கல்கத்தாவில் 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படையணியை 2–1 என்று வென்றபோது சமன்செய்த கோல் சிப்தாஸ் பாதுரியுடையது, வெற்றிக் கோல் அபிலாஷ் கோஷுடையது. இந்த இரண்டு பெயரும் வங்கத்தில் இன்றும் சொல்லப்படுகின்றன. யார் அடித்தார் என்பதைச் சொல்வதே அங்கே அரசியலாக இருந்தது.

நம் மலைக்கு வருவோம். வெலிங்டனில் இயங்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியை, கல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் ஹைதராபாத் போலீசும் கொடிகட்டிப் பறந்த பத்தாண்டில், குந்தாவிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்த ஓர் அணி இருமுறை எடுத்தது. நம் இலக்கிய வரலாறுகளிலும் பண்பாட்டு வரலாறுகளிலும் இதற்கு ஒரு வரி உண்டா? இந்த வெற்றிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லும் ஒரே பெயர் பீட்டர் தங்கராஜ். அவரோ கோல் போட்டவர் அல்ல, தடுத்தவர். பின்னால் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோல்கீப்பராக நின்றவர். மற்றவர்கள் "எம்.ஆர்.சி." என்கிற மூன்றெழுத்துக்குள் கரைந்துவிட்டார்கள். வென்றவர் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் நிற்கிறது, செய்தவன் பெயர் நிற்பதில்லை.

இதில் தமிழ் மொழியே ஒரு உடந்தை. "கோல் போட்டான்" என்றால் வினைமுற்றுக்குள்ளேயே ஆள் இருக்கிறான். "கோல் விழுந்தது" என்றால் ஆள் காணாமல் போகிறான். குந்தாவில் அணை "கட்டப்பட்டது", சுரங்கம் "வெட்டப்பட்டது". கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த உதவி குந்தா மின்திட்டத்தின் கதையாடலில் முதல் வரியாக நிற்கிறது. பாறை குடைந்த கைகள் செயப்பாட்டு வினைக்குள் மறைந்துகொள்கின்றன. "கோல் யாருது?" என்று விடாமல் சண்டைபோடுகிற ரசிகன் இந்த இலக்கணத்துக்கு எதிராகத்தான் பேசுகிறான். அவனுக்கு விழுந்தது போதாது, போட்டவன் யாரென்று தெரிய வேண்டும். 2015 டிசம்பர் 20 அன்று ஃபதோர்தாவில் சென்னையின் எஃப்.சி. கோவாவை 3–2 என்று வென்ற இறுதியாட்டத்தில், 90-ஆவது நிமிடத்துச் சமன் கோல் கோவாவின் கீப்பர் கட்டிமணியின் பெயரில் சேம் சைடு கோலாகப் பதிவானது. அடுத்த நிமிடங்களில் மெண்டோசா வெற்றிக் கோல் போட்டார். தோற்றவனின் கை மட்டும் பெயரோடு எழுதப்படுவதைக் கவனிக்க வேண்டும். குற்றத்துக்கு எப்போதும் ஆள் கிடைத்துவிடுகிறான்.

4

நீலகிரியில் ஆப்சைடு என்ற சொல்லைத் தெரியாதவர்கள்கூட அதன் தர்க்கத்தை அனுபவித்திருக்கிறார்கள். இலங்கையின், அன்றைய சிலோனின், 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளியிடம் நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. கொழுந்து பறித்ததும் காடு திருத்தியதும் கணக்கில் வரவில்லை. நிலமும் காலமும் மட்டும் வந்தன. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிக்கப்பட்டார்கள். வேறு யாரோ பந்தைத் தட்டிய கணத்தில் இவர்கள் எங்கே நின்றார்கள் என்பதே தீர்ப்பானது. அப்படி வந்தவர்களுக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் டான்டீ ஆயின. இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு. ஆட்டத்தில் கோல் போகும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆட்டம் வரும். இவர்களுக்கு அடுத்த ஆட்டம் இன்னொரு நாட்டில், இன்னொரு குளிரில், முதலிலிருந்து தொடங்கியது.

இந்த இடத்தில் சிலர் சொல்லக்கூடும்: "கோடே ஒரு புனைவுதானே, எல்லாம் பிரதிதானே, எந்தத் தீர்ப்பும் இன்னொரு வாசிப்புத்தானே?" இதை நான் ஏற்கவில்லை. 2024 ஜூன் 11 அன்று கத்தாரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதியாட்டத்தில் சாங்தேயின் கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73-ஆவது நிமிடத்தில் பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுத்தார், யூசுஃப் அய்மன் வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். பிறகு இன்னொரு கோலும் விழுந்து இந்தியா 2–1 என்று தோற்று அடுத்த சுற்றை இழந்தது. பந்து வெளியே போனது என்பது வாசிப்பு அல்ல, நடந்தது. டிவியில் பார்த்தவர்கள் எல்லோரும் சாட்சி. அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது என்பதால் சாட்சியம் மட்டும் செல்லவில்லை. இதே நாட்டில்தான் பதினெட்டு மாதத்துக்கு முன்பு, அரங்கக் கூரையடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரனின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அளந்து மார்ட்டினஸின் தோள்பட்டையைக் கண்டுபிடித்தன. ஒருவனுடைய தோள்பட்டைக்கு அத்தனை கண்கள். இன்னொருவனுடைய முழுப் பந்துக்கும் ஒரு கண்கூட இல்லை. உண்மை இல்லை என்பது இங்கே பிரச்சினையே அல்ல. உண்மையை அளக்கும் கருவி யாருக்கு வழங்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதே பிரச்சினை. எல்லாம் புனைவு என்று சொல்லிவிட்டால் முதலில் தப்பித்துக்கொள்வது இந்தப் பங்கீடுதான்.

ஆகவே மஞ்சூர் டீக்கடைச் சண்டையை நாம் கொஞ்சம் மரியாதையோடு கேட்க வேண்டியிருக்கிறது. கருவி கைக்கு வராதவர்கள் நினைவையும் வாயையும் வைத்துக்கொண்டு நடத்தும் நீதிமன்றம் அது. அங்கே மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஊர் ஆட்டத்தின் கோலை "அது ஆப்சைடுதான்" என்று இன்றைக்கும் வாதாடும் கிழவர்கள் நம் கீழ்குந்தாவிலும் முள்ளிகூரிலும் இத்தலாரிலும் இருப்பார்கள். வெலிங்டன் அணியின் ஆட்டங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து, யார் தட்டிக்கொடுத்தது, யார் போட்டது, கொடி பிடித்து நின்றது யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முரண்படுகிற சாட்சியங்களை முரண்பாட்டோடேயே எழுதலாம். பெயர்கள் மட்டும் விடுபடக்கூடாது.