அபூதர்தா (ரலி): ஆசானும் இல்லறத்தாரும்

உஹதில் வீரத்துடன் போரிட்டவர் என வரலாற்று நூல்கள் புகழும் அபூதர்தா (ரலி) அவர்களைக் குர்ஆன் போதிக்க ஷாமுக்கு அனுப்பியவர்கள் கலீஃபா உமர் (ரலி). திமிஷ்க் பள்ளிவாசலில் பத்துப் பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் வீதம் 1600க்கு மேற்பட்டோர் அவர்களிடம் ஓதினர் என்பது தஹபீ தரும் செய்தி. நம் மதரஸாக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஏற்பாடு!

இல்லறத்தைப் பேணவும் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மதீனாவில் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்தவர்களின் துணைவியார் தம்மைப் பேணாதிருந்ததைக் கண்ட ஸல்மான் (ரலி), குடும்பத்துக்கும் உரிமையுண்டு எனக் கண்டித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனை உண்மையென்றார்கள்.

பிற்காலத் துணைவியார் ஹுஜைமா சிறு வயதிலேயே அவர்களிடம் குர்ஆன் ஓதியவர். பின்னர் தாமே திமிஷ்கின் பேராசிரியையானவர். ஹிஜ்ரி 32இல் (கி.பி. 652) கணவர் மறைந்தபின் முஆவியா (ரலி) பெண் கேட்டார்கள். மறுமையிலும் அபூதர்தாவின் மனைவியாகவே இருக்க விரும்பி அவ்வம்மையார் மறுத்துவிட்டார்.