மொட்டைக் கடிதத்துக்குக் கிடைத்த மரியாதை

சென்ற வாரம் சிறுசேரியில் நின்றிருந்தோம். சிப்காட் வளாகத்தின் ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் கதை அது. 1989-ல் சி.எஸ்.சேஷாத்ரி தொடங்கிய அந்த நிறுவனம் 1998-ல் பி.எஸ்ஸி. வகுப்பைத் தொடங்கியபோது, பாடம் நடந்தது சென்னையில். பட்டம் வந்தது போபாலில் உள்ள மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில். நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது 2006-ல்தான். நாட்டின் தலைசிறந்த கணித மேதை ஒருவர், தான் நினைத்த பாடத்தைத் தான் நினைத்தபடி நடத்த அவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருந்தது.

இந்த வாரம் அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் வடக்கே சுமார் 25 கி.மீ. வரவேண்டும். மத்திய கைலாஷ் தாண்டி சர்தார் பட்டேல் சாலைக்குத் திரும்பினால் சென்னை ஐ.ஐ.டி.யின் வாசல். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் எழுந்த நிறுவனம். கிண்டிக் காட்டின் ஒரு துண்டு. உள்ளே இன்றும் புள்ளிமான்கள் திரிகின்றன. 2015 மே மாதக் கடைசியில் இந்த வாசலில்தான் போலீஸ் வேன்கள் வரிசையாக நின்றன. காரணம், இரண்டு தலைவர்களின் பெயரைத் தாங்கிய ஒரு சின்ன மாணவர் அமைப்பு.

அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம். 2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளன்று மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. அந்த வளாகத்தில் வாசகர் வட்டம் புதிதல்ல. விவேகானந்தர் பெயரில் ஒரு வட்டம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. அம்பேத்கரும் பெரியாரும் சேர்ந்து வந்ததுதான் சிலருக்கு உறுத்தியது. தொடங்கிய சில மாதங்களிலேயே, இந்தப் பெயர் மாணவர்களைப் பிளவுபடுத்துகிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் வற்புறுத்தியதாக வட்டத்தினர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மாற்றவில்லை.

அப்படி ஒரு வட்டம் 2014-ல் ஏன் பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973-ல். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்பது 2006-ல் சட்டமாகி, 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்ற பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரியில் தாத்தா காலத்திலேயே நடந்துவிட்ட ஒன்று, அதே தமிழ்நாட்டின் தலைநகரில் இருந்த ஐ.ஐ.டி.க்குள் பேரன் காலத்தில்தான் நுழைந்தது. அதற்கு முன்பே உள்ளே இருந்து சமூகநீதிக்காகத் தனியாளாகப் போராடிய கணிதப் பேராசிரியர் வசந்தா கந்தசாமிக்கு 2006-ல் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர் பட்ட பாடு தனி அத்தியாயமாக எழுத வேண்டியது. 2008-க்குப் பிறகு விடுதிகளில் வந்து சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தங்கள் அனுபவத்தைப் பேச ஓர் இடம் தேவைப்பட்டது. வட்டம் அந்தத் தேவையில் பிறந்தது.

அவர்கள் செய்ததெல்லாம் என்ன? கூட்டம் போட்டார்கள். துண்டறிக்கை அடித்தார்கள். சமஸ்கிருத வாரம் கொண்டாடச் சொன்னதை எதிர்த்தார்கள். பெயர்ப்பலகைகளில் இந்தி நுழைவதைக் கேள்வி கேட்டார்கள். 2015 ஏப்ரல் 14 அன்று, குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்து, இன்றைக்கு அம்பேத்கர் ஏன் தேவைப்படுகிறார் என்று பேசவைத்தார்கள். அந்தப் பேச்சையொட்டி வந்த துண்டறிக்கை மத்திய அரசின் நில எடுப்புச் சட்டத்தையும், தொழிலாளர் சட்டத் திருத்தங்களையும், மாட்டிறைச்சித் தடையையும் கடுமையாக விமர்சித்தது. தமிழ்நாட்டின் எந்தத் தெருமுனைக் கூட்டத்திலும் அதைவிடக் காரமாகப் பேசுவார்கள்.

அந்தத் துண்டறிக்கையின் ஒரு பிரதி டெல்லிக்குப் போனது. கூடவே ஒரு மொட்டைக் கடிதம். பிரதமருக்கும் இந்துக்களுக்கும் எதிராக வெறுப்பைப் பரப்புகிறார்கள், தலித், பழங்குடி மாணவர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று குற்றச்சாட்டு. எழுதியவர் யார் என்று கையெழுத்தில்லை.

மொட்டைக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு அரசாங்கத்திடமே விதி இருக்கிறது. பெயரில்லாமல் வரும் புகாரை வைத்து அரசு ஊழியர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2014 நவம்பரில் அதை மறுபடியும் வலியுறுத்தியது. ஒரு குமாஸ்தாவுக்குக் கொடுத்திருக்கும் இந்தப் பாதுகாப்பு ஒரு மாணவனுக்கு ஏன் இல்லை? டெல்லியில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் கோப்பு திறந்தது. 2015 மே 15 தேதியிட்டு, சார்புச் செயலாளர் கையெழுத்தோடு, ஐ.ஐ.டி. இயக்குநருக்கு ஒரு கடிதம் கிளம்பியது. புகாரையும் துண்டறிக்கையையும் இணைத்து, இதுபற்றி உங்கள் கருத்தை அனுப்புங்கள் என்று கேட்டது. அவ்வளவுதான். தடை செய் என்று அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

சரியாக ஒரு வாரம். மே 22 அன்று மாணவர் நலன் டீனிடமிருந்து வட்டத்துக்கு மின்னஞ்சல் வந்தது. கொடுத்த சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதால் உங்கள் அங்கீகாரம் தற்காலிகமாக நீக்கப்படுகிறது. அனுமதி இல்லாமல் ஐ.ஐ.டி. பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை மீறிவிட்டார்கள் என்பது நிர்வாகம் சொன்ன விளக்கம். எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது மாணவர்கள் வைத்த முறையீடு. விடுமுறைக் காலம், பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அரசு தலையிடுகிறது என்றால் நம் மனக்கண்ணில் அமைச்சர் தொலைபேசியில் மிரட்டுவதும், போலீஸ் உள்ளே நுழைவதும்தான் தோன்றும். அப்படியும் நடந்திருக்கிறது. ஆனால் அன்றாடம் நடப்பது இப்படித்தான்: மேலே இருந்து ஒரு கவரிங் லெட்டர் வரும், கருத்து மட்டும் கேட்கும். கீழே இருப்பவர் அதற்குள் கட்டளையைப் படித்துக்கொள்வார். அமைச்சகம் கைகழுவிக்கொள்ளும், நிறுவனம் விதியைக் காட்டும். 2014 அக்டோபரிலும் இதே மாதிரி நடந்தது. ஐ.ஐ.டி. உணவகங்களில் சைவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று தனிநபர் ஒருவர் எழுதிய கடிதத்தை இதே அமைச்சகம் எல்லா ஐ.ஐ.டி.களுக்கும் அனுப்பி, நடவடிக்கை விவரம் கேட்டது.

மாணவர்கள் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தார்கள். கையில் இருந்த காகிதத்தை ஊரறியச் செய்தார்கள். டீனின் மின்னஞ்சலும் அமைச்சகத்தின் கடிதமும் வெளியே வந்தன. மே 28, 29 தேதிகளில் நாடு முழுக்கச் செய்தி. அடுத்த சில நாள்கள் சர்தார் பட்டேல் சாலை போராட்டக் களமானது. இந்திய மாணவர் சங்கம், வாலிபர் சங்கம், பெரியார் இயக்கங்கள், தலித் அமைப்புகள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கொடி. காவல் துறை கைது செய்து வேனில் ஏற்றியது. கருணாநிதியும் திருமாவளவனும் கண்டித்தார்கள். ராகுல் காந்தி எழுத, அமைச்சர் ஸ்மிருதி இரானி காட்டமாகப் பதில் சொன்னார். டெல்லியில் அமைச்சரின் வீட்டு வாசல்வரை போராட்டம் போனது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் ஐ.ஐ.டி.க்கு நோட்டீஸ் அனுப்பியது.

ஜூன் 7 அன்று டீனும் மாணவர்களும் பேசினார்கள். அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பதினாறே நாள்.

வட்டத்தை மூடப்போய், அதன் பெயரை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். மும்பை ஐ.ஐ.டி.யில் பூலேயின் பெயரையும் சேர்த்துக்கொண்டு ஒரு வட்டம் எழுந்தது. ஈரோட்டில் பிறந்தவரின் பெயரைக் கேட்டேயிராத வட இந்திய வளாகங்களில் அவர் படம் ஏறியது. சென்னையில் அங்கீகாரம் திரும்பிய ஐந்தாம் நாள், ஜூன் 12 அன்று, புனே திரைப்படக் கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தகுதி பார்க்காமல் அரசு நியமித்த தலைவரை ஏற்க மாட்டோம் என்று 139 நாள் நின்றார்கள். நியமனம் மாறவில்லை.

எல்லாப் போராட்டமும் சென்னைபோல முடிந்ததில்லை என்பதை நெஞ்சு வலிக்கச் சொன்னது ஹைதராபாத். அதே 2015 ஆகஸ்ட் 17 அன்று மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, ஹைதராபாத் பல்கலைக்கழக அம்பேத்கர் மாணவர் சங்கத்தைப் பற்றி மனிதவள அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதமும் நினைவூட்டல்களும் போய்க்கொண்டே இருந்தன. வழக்கமான நடைமுறைதான் என்றது அமைச்சகம். தலித் மாணவர்கள் ஐந்து பேர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தின் திறந்தவெளியில் படுத்தார்கள். அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை விட்டார். சென்னைக்கு வந்த கடிதமும் ஹைதராபாத்துக்குப் போன கடிதமும் ஒரே அமைச்சகத்தின் கோப்புகளிலிருந்து கிளம்பியவை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

மேலிருந்து ஒரு காகிதம் அனுப்பி, நிறுவனத்தைக் கொண்டே மாணவனை அடக்கும் இந்தப் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருவது. 1905 அக்டோபரில் வங்காளத்தில் கார்லைல் சுற்றறிக்கை வந்தது. சுதேசி இயக்கத்தில் மாணவர்கள் கலந்துகொண்டால் பள்ளி, கல்லூரிக்கு மானியம் நிற்கும் என்றது. சரியாகக் கவனியுங்கள், மிரட்டல் போனது கல்லூரி நிர்வாகத்துக்கு. மாணவனை அடக்கும் வேலையை ஆசிரியரின் தலையில் கட்டினார்கள். மாணவர்கள் அந்தச் சுற்றறிக்கைக்கு எதிராகவே ஒரு சங்கம் அமைத்தார்கள். நம் சென்னை மாகாணத்திலும் நடந்தது. 1907-ல் விபின் சந்திர பாலின் பேச்சைக் கேட்ட ராஜமுந்திரி மாணவர்கள் வந்தே மாதரம் பேட்ஜ் குத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். முதல்வர் மார்க் ஹன்ட்டர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இடைநீக்கம் செய்தார். வெளியே தள்ளப்பட்ட காடிசெர்ல ஹரிசர்வோத்தம ராவ் பிறகு பத்திரிகை நடத்திச் சிறை சென்றார்.

டெல்லியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரனைச் சுட்டது தமிழ்நாட்டுக் காவல் துறை. ஆட்சியில் இருந்தவர் பக்தவத்சலம். 2013 மார்ச்சில் ஈழத்துக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்திய அரசு, போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியதும் கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. ஆளுங்கட்சியாக இருக்கும்போது மாணவனைக் கண்டு பயப்படாத கட்சி நம் நாட்டில் குறைவு.

2015-ன் கதையில் நான் அதிகம் யோசிப்பது அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். மே 15-க்கும் 22-க்கும் நடுவே நிர்வாகத்தில் யாராவது ஒருவர், ‘கையெழுத்தில்லாத புகாருக்குப் பதில் சொல்ல இயலாது, வளாகத்தில் மாணவர்கள் பேசுவது அவர்கள் உரிமை’ என்று இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அது. அதற்கான தெம்பும் அந்தஸ்தும் அதற்கு இருந்தன. இயக்குநர், டீன், துணைவேந்தர் என்ற நாற்காலிகளின் முதல் கடமையே மாணவனுக்கும் அரசுக்கும் நடுவில் நிற்பது என்று உறுதியாக நம்புகிறேன். அன்று அந்த நாற்காலிகள் தவறின. இருபது வயதுப் பிள்ளைகள்தான் நின்றார்கள்.

கடைசியாக, தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 2015-ல் அந்த வாசலில் நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இப்போது சிறுசேரியிலும் சோழிங்கநல்லூரிலும் வேலை பார்ப்பீர்கள். அன்று கையில் வாங்கிய துண்டறிக்கை, கைப்பட எழுதிய பதாகை, அச்சிட்டு வைத்த மின்னஞ்சல் எது பரண்மேல் கிடந்தாலும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். மாணவர் போராட்டங்களின் ஆவணங்கள் போலீஸ் கோப்பில் பத்திரமாக இருக்கும். நம் வீடுகளில்தான் தொலைந்துபோகும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எடுத்துப்போய்க் காட்டுங்கள், வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். குறைந்தபட்சம் தேதி எழுதி ஒரு பிரதியாவது எடுத்து வையுங்கள்.

(தொடரும்)