யோபுவின் கணக்கு

எங்கள் ஆரியசாலையிலிருந்து நாகர்கோவில் ரோட்டில் 50 கி.மீ. சொச்சம் போனால் பத்மநாபபுரம், திருவிதாங்கூரின் பழைய தலைநகர். அங்கே மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை பார்த்தவர்தான் நீலகண்ட பிள்ளை. 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர். மாடு, பயிர் என்று அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தவருக்கு டி லனாய் விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னாராம். சொன்னவரே 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி!

1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். பிறகு கைது, சித்திரவதை, எருமை மேல் ஏற்றி ஊர்வலம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் புனிதர் பட்டம்.

பி.காம். படித்த புத்திக்கு ஒன்று உறைக்கிறது. யோபுவுக்கு இழந்த சொத்து கடைசியில் இரட்டிப்பாகத் திரும்பியது. தேவசகாயத்துக்கு எதுவுமே திரும்பவில்லை. அப்படியானால் அவரைத் தாங்கியது கதையின் முடிவாக இருக்க முடியாது. கேள்வி கேட்டுக்கொண்டே கடவுளை விடாமல் பிடித்திருந்தாரே யோபு, அந்த நடு அத்தியாயங்கள்தான்.

வேலை நிலைக்குமா என்று ஊரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து கவலைப்படும் என்னைப் போன்றவர்களும் அங்கிருந்தே வாசிக்கத் தொடங்கலாம், நண்பர்களே.